தலை விழாத படம்

டாக்டர் என்னைக் கைகாட்டி அவளிடம் கேட்டார்.

"மாதாஜி, இன்கா நாம் க்யா ஹை?"

இவர் பெயர் என்ன என்று கேட்கிறார். என் மனைவி புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாள். டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர் சாப், எங்க பக்கத்துல பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "நாப்பது வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்லை. மறந்து இல்லை. வழக்கம்."

டாக்டர் சின்ன வயது, வடக்கத்திக்காரர். "அச்சா, அச்சா" என்று சொல்லி அந்தப் பெருக்கல் குறியை அடித்தார். வேறு கேள்விக்குப் போனார். இன்றைக்கு என்ன கிழமை என்றார். தெரியவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அது எனக்கும் வராது. மூன்று பொருள் சொல்லி, கொஞ்சம் பொறுத்து திருப்பிக் கேட்டார். ஆப்பிள் மட்டும் சொன்னாள். மற்ற இரண்டும் போய்விட்டன.

ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் வியாதி. நிறுத்த மருந்து இல்லை, மெதுவாகப் போகப் பண்ணலாம் என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

லம்பா லைனில் இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு மனதில் துக்கம் இல்லை. கிழமை போகட்டும். ஆப்பிள் போகட்டும். என்னைத் தெரிகிறது. அது போதும் என்று வந்தேன்.

அந்த நினைப்பில் எட்டு மாதம் இருந்தேன்.

நான் துறைமுக ஜெட்டியில் கலாசியாக இருந்தவன். கப்பல் கரைக்கு வரும்போது மேலேயிருந்து கயிறு எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்து இரும்புக் குத்துக்கட்டையில் மாட்டுவது வேலை. கப்பல் கிளம்பும்போது அதே கயிற்றைக் கழற்றி விடுவது. வேறு ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்புவரை போனேன். என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கூலிக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கே. பெண் எடுத்தது சிவகங்கை பக்கம்.

அவள் மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். கரையில் கால் வைத்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"ஏங்க, இங்க சினிமாக் கொட்டகை இருக்கா?"

அவள் ஊரில் வீட்டின் பின்சுவரும் கொட்டகையின் சுவரும் ஒன்று. படம் பார்த்ததைவிடக் கேட்டது அதிகம். சமைத்துக்கொண்டே வசனத்தை எல்லாம் மனப்பாடம் பண்ணியிருந்தாள். யார் எந்த இடத்தில் அழுவார்கள், எப்போது கண்ணாடி உடையும், எல்லாம் தெரியும். ஆள் முகம் தெரியாது.

இங்கே கொட்டகை இருந்தது. படம் இந்திப் படம். தமிழ்ப் படம் எப்போதாவது வரும், மெயின்லாண்டில் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு. அவளுக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஜெட்டி இந்தி. கயிற்றை விடு, பிடி, இழு, ஒதுங்கு. அதைத் தாண்டித் திட்டுவதற்குத் தெரியும்.

முதல் படத்துக்கு மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஏரிக்கரையில் ஒருவன் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான். நிறுத்தவே இல்லை. அவள் என் காதுப் பக்கம் சாய்ந்தாள்.

"என்ன சொல்றாக?"

பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை வாயால் சொல்லக் கூச்சம். கல்யாணமாகி இருபது நாள்.

"சோறு சாப்பிட்டியான்னு கேக்குறான்."

"இம்புட்டு நேரமா?"

"குழம்பு என்னன்னும் கேக்குறான்."

அவள் சிரித்தது ரொம்பச் சத்தமாகிவிட்டது. முன்வரிசைக்காரன் திரும்பி, "அரே பாய், கர் ஜாகே ஹஸோ" என்றான். வீட்டுக்குப் போய்ச் சிரியுங்கள் என்று. அவன் என்ன சொன்னான் என்று அதையும் கேட்டாள்.

"அவனும் சாப்பிடலையாம்" என்றேன்.

அதற்குப் பிறகு எந்தப் படத்தில் யார் கையை யார் பிடித்தாலும் சோறுதான். மழையில் நனைந்துகொண்டு பேசினாலும் சோறு. ரயில் கிளம்பும்போது கூடவே ஓடிக்கொண்டு கத்தினாலும் சோறு. ஒரு படத்தில் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தாள். அவன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே பேசினான். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அங்கே சோறு என்று சொல்ல முடியவில்லை.

"மருந்து சாப்பிட்டியான்னு கேக்குறான்" என்றேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி அக்கா இருந்தார். அவரிடம் பேசிப் பேசி இரண்டு வருஷத்தில் இவள் இந்தி கற்றுக்கொண்டாள். என் இந்தியைவிட நல்ல இந்தி. ஒருநாள் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது என் தொடையில் கிள்ளினாள்.

"ஏங்க, அவன் உசிரைத் தாறேங்குறான். சோறுன்னீகளே இத்தனை நாளா?"

"சோறு இல்லாம உசிரு எங்கேருந்து வரும்?"

"புளுகு" என்றாள். "இன்னும் எத்தனை புளுகுனீகளோ."

உசிரைத் தாறேன் என்று அவன் சொன்னதுபோல நான் அவளிடம் சொன்னதில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அவளும் கேட்கவில்லை. டியூட்டி முடிந்து வந்தால் நான், "சாப்பிட்டியா?" என்பேன். அவள் ஒரு மாதிரி சிரிப்பாள். அவ்வளவுதான் எங்களுக்குள்.

மகள் பிறந்த பிறகு கேமரா வாங்கினேன்.

அதுவரைக்கும் படம் என்றால் ஸ்டூடியோ. ஸ்டூடியோவில் சுவரில் காஷ்மீர் வரைந்திருப்பார்கள். முன்னால் நாற்காலி. மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, மூச்சு விடாதே என்பார்கள். கல்யாணத்துக்கு ஒன்று எடுத்தோம். அதோடு சரி. கேமரா என்பது படித்தவன் பொருள், கழுத்தில் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் இங்கே இருக்கும் பழைய ஜெயிலைப் பார்க்க வருவார்களே, அவர்கள் பொருள் என்று இருந்தோம்.

பிறகு அபர்தீன் பஜாரில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு கேமரா வந்தது. சோப்புப் பெட்டி அளவு. ஒரே பட்டன். மேலே இரண்டு படம் போட்டிருந்தது, ஒரு சூரியன், ஒரு மேகம். வெயிலாக இருந்தால் சூரியன் பக்கம் தள்ள வேண்டும், மப்பாக இருந்தால் மேகம் பக்கம். கடைக்காரர் மலையாளி.

"சேட்டா, படிப்பொண்ணும் வேண்டா. ஞெக்கியா மதி" என்றார்.

அமுக்கினால் போதும். அதைக் கேட்டதும் வாங்கிவிட்டேன். இன்னொன்றும் சொன்னார். சூரியன் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகம் கறுத்துப்போகும். ஜெட்டியில் நாலைந்து பேர் வாங்கினோம். கைநாட்டு வைக்கிறவர் ஒருவர், அவரும் வாங்கி அவர் மாட்டைப் படம் எடுத்தார். நன்றாக விழுந்திருந்தது.

என் மனைவிக்கு நிற்கத் தெரியும். சினிமாவில் பார்த்தது முழுக்க உடம்பில் இருந்தது. மரைன் ஹில்லில் ஏறினால் கீழே துறைமுகம் தெரியும். அங்கே கம்பியில் சாய்ந்து நிற்பாள். தென்னையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலைக் காட்டுவாள். கேமராவைப் பார்க்க மாட்டாள்.

"இங்க பாரு."

"சினிமாவுல யாரு கேமராவப் பாக்குறாக? நீங்க பாட்டுக்கு எடுங்க."

அதனால் எந்தப் படத்திலும் அவள் என்னைப் பார்க்கவில்லை. வேறு எங்கேயோ பார்க்கிறாள். ஒரு ரோலில் முப்பத்தாறு. சில சமயம் ஒரு ரோல் முடிய ஒரு வருஷம் ஆகும். தீபாவளியில் ஆரம்பித்து அடுத்த தீபாவளியில் முடியும். ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தால் பத்து நாள். படம் வாங்கப் போகும் அன்றைக்குத் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வருவாள், எடுக்கப் போவதுபோல.

இந்த ஊரில் நாலரைக்கே வெயில் சாய்ந்துவிடும். எனக்கு லீவு கிடைத்து, நாங்கள் கிளம்பி, மேலே ஏறும்போது வெயில் எனக்குப் பின்னால் தாழ இருக்கும். கடைக்காரர் சொன்னபடி நிற்பேன். அதனால் எல்லாப் படத்திலும் கீழே என் நிழல் விழுந்திருக்கிறது. நீளமாக. என் தலை அவள் கால் பக்கத்தில் கிடக்கும். ஸ்டூடியோக்காரர், "நிழல் இல்லாமல் எடுக்கப் பழகுங்க" என்றார். சூரியனை எங்கே வைப்பது என்று நான் கேட்டேன்.

அவள் என்னை ஒரே ஒரு தடவை எடுத்தாள். எனக்கு வேலை நிரந்தரமாகிக் காக்கிச் சட்டை கொடுத்த அன்று. வீட்டு வாசலில் நிற்க வைத்தாள். "கெட்டுப்போச்சுன்னா?" என்று நாலு தடவை கேட்டாள். முகம் பெரிதாக விழ வேண்டும் என்று கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே வந்தாள். அமுக்கினாள்.

பத்து நாள் கழித்துப் படம் வந்தது. கழுத்திலிருந்து கீழே நான் இருந்தேன். சட்டை, பட்டன், பை, இரண்டு கை. தலை இல்லை.

ஸ்டூடியோக்காரர் விளக்கினார். நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டை மேலே இருக்கிறது, படம் பிடிக்கும் கண்ணாடி கீழே இருக்கிறது. தூரத்தில் வித்தியாசம் தெரியாது. கிட்டே போனால் தலை போய்விடும். இந்தக் கேமராவில் ரொம்பக் கிட்டே போகக் கூடாது.

அவள் ஸ்டூடியோ வாசலிலேயே அழுதாள்.

"தலை போச்சுங்க. நான் எடுத்துத் தலை போச்சு."

"சட்டை நல்லா விழுந்திருக்கு" என்றேன்.

கிழிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அதற்குப் பிறகு கேமராவைத் தொடவே இல்லை. கெட்ட சகுனம் என்று வைத்துக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் எடுக்க மாட்டாள். நானும் விட்டுவிட்டேன். என் முகத்தை நான் எதற்குப் பார்க்கப் போகிறேன்.

பிறகு அந்தக் கேமரா போய், ரோல் போய், ஸ்டூடியோ போய், கொட்டகையும் போனது. மகள் படித்து மெயின்லாண்டில் வேலைக்குப் போனாள். நான் ரிட்டயர் ஆனேன். இவள் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தாள். கேஸைத் திறந்து வைத்துவிட்டுத் தீப்பெட்டி தேடினாள். அப்புறம்தான் டாக்டரிடம் போனது.

அந்த எட்டு மாதத்தில் அவள் ஒவ்வொன்றாக விட்டாள். இந்தி முதலில் போனது. பெங்காலி அக்கா வந்து, "தீதி, கைசீ ஹோ?" என்று நலம் விசாரித்தால் என் முகத்தைப் பார்ப்பாள். பஸ் நம்பர் போனது. குளித்தது போனது. ஆனால் காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து, "ஏங்க, காப்பி சாப்புட்டீகளா?" என்பாள். அதே குரல். அதில் மாற்றமே இல்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் போனில், "அம்மாவுக்கு உங்களத் தெரியுதாப்பா?" என்று கேட்பாள். "நல்லாத் தெரியுது" என்பேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் தெலுங்குக்காரர், நாற்பது வயது இருக்கும், முதல் தடவை வருகிறார். நான் உள்ளே பழைய சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெளியே அவள் குரல் கேட்டது.

"ஏங்க, சாப்புட்டீகளா?"

நான், "ஆச்சு" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னேன். அவள் மறுபடியும் பேசினாள்.

"வேர்த்துக் கொட்டுது. உக்காருங்க. ஏங்க, உங்களைத்தான். காப்பி தாறேன்."

எட்டிப் பார்த்தேன். அவள் சிலிண்டர்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர், "நஹீ அம்மா, டியூட்டி ஹை" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு இருந்தது. டியூட்டியிலிருந்து வந்தால் எனக்குச் சிரிப்பாளே, அது.

கையில் சிலிண்டர் மூடியை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வெளியே வந்து கேட்டேன்.

"நான் யாரு?"

அவள் யோசித்தாள். சங்கடப்பட்டாள்.

"உங்களத் தெரியாதா? ஜெட்டியிலேருந்து வந்திருக்கீக. அவுக டியூட்டிக்குப் போயிருக்காக. வர்ற நேரம்தான், உக்காருங்க."

"எத்தனை நாளா என்னைத் தெரியும்?"

"வந்து போயிக்கிட்டுத்தான இருக்கீக" என்றாள்.

ஏங்க என்பதை யாரிடமும் சொல்லலாம். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. புருஷனைக் கூப்பிடுவதும் அதுதான், வழிப்போக்கனைக் கூப்பிடுவதும் அதுதான். அவள் என் பெயரைச் சொல்லியிருந்தால், அதை நிறுத்திய நாள் எனக்குத் தெரிந்திருக்கும். எந்த மாதம், எந்தக் காலை என்று தெரிந்திருக்கும். ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் முதலில் போட்ட பெருக்கல் குறி சரியாகவும் இருக்கலாம். நான் அதை அடிக்க வைத்தேன்.

அன்று மத்தியானம், "வா, சாப்பிடு" என்று கூப்பிட்டேன். அவள் முகம் சுருங்கியது.

"ஏங்க, பெரிய மனுசரா இருக்கீக. தெரியாத பொம்பளைய வா போங்குறீக."

அன்றிலிருந்து, "வாங்க, சாப்பிடுங்க" என்கிறேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு வாய் அதற்குப் பழக ஒரு வாரம் ஆனது.

மகளிடம் சொன்னேன். அவள் அங்கே அழுதாள். பிறகு, "பழைய போட்டோவக் காட்டுங்கப்பா. தினமும் காட்டுங்க. திரும்பி வரலாம்" என்றாள். இரும்புப் பெட்டியிலிருந்து ஆல்பங்களை எடுத்தேன். ஐந்து இருந்தன. ஈரத்தில் சில படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

அவளுக்கு எல்லோரையும் தெரிந்தது. அவள் அம்மாவைத் தெரிந்தது. பெங்காலி அக்காவைத் தெரிந்தது. மகளைக் கைக்குழந்தையாகத் தெரிந்தது, பள்ளிக்கூடச் சட்டையில் தெரிந்தது, காலேஜுக்குக் கிளம்பும்போது தெரிந்தது. தன்னையும் தெரிந்தது. "இது நான். இதுவும் நான். கிழவியா ஆயிட்டேன்" என்று சிரித்தாள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு படமாவது இருந்தது. ஒரு முகம் எப்படி இன்னொரு முகமாக மாறுகிறது என்று அந்தப் படங்கள் அவளுக்குக் கைபிடித்துக் காட்டின.

கல்யாணப் படத்தை எடுத்தேன். காஷ்மீர் சுவர். எனக்கு இருபத்தாறு வயது. மீசை, தலை நிறைய முடி.

"இது யாரு?"

"எங்க வீட்டுக்காரக."

"நல்லாப் பாருங்க. என்னையும் பாருங்க."

பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், வழுக்கைத் தலையைப் பார்த்தாள். "அவுக அப்பாவா நீங்க?" என்றாள்.

நடுவில் நான் இல்லை. முப்பது வயதில் இல்லை, நாற்பதில் இல்லை, முடி கொட்டும்போது இல்லை, மீசை நரைக்கும்போது இல்லை. ஐந்து ஆல்பத்திலும் கேமராவைப் பிடித்தவன் நான். ஆதார் அட்டையில் ஒரு முகம் இருக்கிறது. அது எனக்கே அடையாளம் தெரியாது.

நிழலைக் காட்டினேன். விரலை வைத்து அதன் ஓரமாக இழுத்தேன். "இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

"எடுக்குறவுக நிழலு."

"யாரு எடுக்குறது?"

"அவுகதான். வேற யாரு எடுப்பா?"

"அது நான்."

அவள் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தலை விழாத படம் கடைசியில் இருந்தது. "சட்டை நல்லாருக்கு" என்றாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் காக்கிச் சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது. மறுநாள் அதைப் போட்டேன். வயிற்றில் பட்டன் மாட்டவில்லை. அப்படியே அவள் முன்னால் போய் நின்றேன், அதே வாசலில், அதே இடத்தில்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவுக சட்டைய எதுக்குப் போட்டிருக்கீக? கழட்டுங்க. அவுக டியூட்டிக்குப் போடணும்."

கழற்றிக் கொடுத்தேன். உதறி, மடித்து, கையால் நீவி, பெட்டிக்குள் வைத்தாள். சட்டை மடிக்க மறக்கவில்லை.

சாயங்காலம் நாலரை ஆனால் கேட் பக்கத்தில் போய் நிற்கிறாள். அந்தக் காலத்தில் டியூட்டி முடிந்து நான் வரும் நேரம் அது. நானும் போய்க் கூட நிற்கிறேன். மேலே விமானம் தாழ்ந்து போகும். "கப்பல் லேட்டு போல" என்பாள். "ஆமா, லேட்டு" என்பேன். இருட்டுவதற்குள் உள்ளே கூட்டிவந்துவிடுவேன்.

மகள் என் போனில் பழைய இந்திப் படம் ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். கொட்டகையில் நாங்கள் பார்த்த படம். பிள்ளைகள் ஸ்லேட்டைப் பிடிப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். ஏரிக்கரை வந்தது. அவன் கையைப் பிடித்துப் பேச ஆரம்பித்தான். அவள் என் பக்கம் சாய்ந்தாள். முழங்கை பட்டது. இந்தியெல்லாம் போய்விட்டதே.

"என்ன சொல்றாக?"

நான் போனை அவள் பக்கம் சாய்த்தேன்.

"சோறு சாப்பிட்டியான்னு கேக்குறான்."

அவள் படத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் ஏதோ ஒன்றின் பக்கத்தில் வந்துவிட்டாள் என்று தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரகளும் இப்பிடித்தான் புளுகுவாக" என்றாள். "ஜெட்டி ஆளுக எல்லாம் ஒண்ணுபோல."

திரும்பிக்கொண்டாள்.

நான் விடவில்லை. "உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டேன். "ஒரு தடவை சொல்லுங்க. யாரும் இல்லை இங்கே."

அவள் புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்குத் தெரியும். என்னை மட்டும்தான் தெரியாது.

போன மாதம் எங்கள் கல்யாண நாள். மகள் கூப்பிட்டாள். "அப்பா, ரெண்டு பேரும் சேந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, கேமராவத் திருப்பி வச்சு எடுக்கணும். ரொம்ப ஈஸி."

அவளுக்குத் தலை வாரிவிட்டேன். செம்பருத்திதான் கிடைத்தது, வைத்துவிட்டேன். வாசலில் நின்றோம். பழக்கத்தில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு முகமும் கறுப்பாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, இந்தப் படத்தில் நான் முன்னால் இருக்கிறேன் என்று. திரும்பி நின்றோம். போனில் தன் முகம் தெரிந்ததும் அவள் கண்ணாடி என்று நினைத்து அதையே பார்த்தாள். முடியை ஒதுக்கினாள். அமுக்கினேன்.

நன்றாக விழுந்திருந்தது. இரண்டு தலையும் முழுசாக. அவள் நேராகப் பார்க்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து இருக்கும் முதல் படம்.

அவளிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கினாள். சிரிப்பு நின்றது.

"ஏங்க, இது வேணாம்."

"ஏன்?"

"தப்பா நெனைக்காதீக. நீங்க நல்லவுகதான். எனக்கு ஒத்தாசையா இருக்கீக. ஆனா அவுக பாத்தா மனசு கஷ்டப்படுவாக."

"ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"சொல்ல மாட்டாக. அதான் எனக்குத் தெரியுமே. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாக. சாப்புடாம இருப்பாக. என்னால அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. அழிச்சுருங்க."

"மகளுக்கு ஒண்ணு அனுப்பிட்டு..."

"அழிச்சுருங்க."

தட்டை வைத்தேன். தொடவில்லை. மாத்திரையைத் தள்ளிவிட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போனது. ஒரு மணி நேரம் போனது. அந்தப் படத்தில் அவள் என்னோடு நிற்பதால், என் மனசு நோகும் என்று அவள் சாப்பிடவில்லை. அவளிடம் எதைச் சொல்லி எப்படிப் புரியவைப்பது.

போனில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்க வராது. குப்பைத்தொட்டிப் படம் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கும்படி அதை அமுக்கினேன். படம் போனது. போய்விட்டதா என்று இரண்டு தடவை கேட்டாள். போய்விட்டது என்று காட்டினேன்.

தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்து, "ஏங்க, நீங்க சாப்புட்டீகளா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். போட்டோ எங்கே என்றாள்.

"எடுத்தேன்மா. தலை விழலை."

"ரெண்டு பேரு தலையுமா?"

"என் தலைதான்."

"இத்தனை வருஷமா எடுக்குறீங்க, இன்னும் கேமரா பிடிக்கத் தெரியலையா?" என்று சிரித்தாள். நாளைக்கு இன்னொன்று எடுங்கள் என்றாள். சரி என்று சொல்லி வைத்தேன். மணி நாலரை ஆகியிருந்தது. அவள் ஏற்கெனவே கேட் பக்கம் போய்விட்டாள்.